முதுகுக்கு ஒன்பது மார்க்

புதுக் கார் வாங்குகிறவர்கள் முதலில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறார்கள். அடுத்ததாக என் உழைப்பை நசுக்குகிறார்கள். ஷோரூமில் சீட்டுக்குப் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை மாதக்கணக்கில் கிழிக்க மாட்டார்கள். வேர்த்து ஒட்டும், உட்கார்ந்தால் சரசரக்கும், ஆனாலும் புதுசு புதுசாகவே இருக்க வேண்டும். ஒருவழியாகக் கிழித்துவிட்டால் மறுநாளே வண்டி சீட் கவர் கடையில் நிற்கும். இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த ரெக்ஸின் உறையை இழுத்து மாட்டுவார்கள். அதற்கு மேல் ஒரு பூத்துவாலை. அதற்கும் மேல், முதுகு வலிக்கிறதாம், மரமணி கோத்த விரிப்பு. வலிக்காமல் என்ன செய்யும்?

நான் கார் சீட் வடிவமைக்கிறவன். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி. சீட்டிலும் முழு சீட் இல்லை, முதுகைத் தாங்கும் பகுதி மட்டும்தான் என் பொறுப்பு. உட்காரும்போது இடுப்புக்குச் சற்று மேலே முதுகு உள்வாங்கிக்கொள்ளும். அந்தப் பள்ளத்தைச் சாய்மானம் நிரப்பாவிட்டால் இடுப்பு மெல்ல மெல்ல முன்னால் சரிந்து, ஊர் போய்ச் சேரும்போது ஆள் இரண்டாக மடிந்திருப்பார். அதற்காகச் சாய்மானத்துக்குள் ஒரு கம்பித் தட்டு வைக்கிறோம். பக்கத்தில் இருக்கும் லீவரைத் திருப்பினால் தட்டு முன்னால் வந்து முதுகைத் தாங்கும். ஆளுக்கு ஆள் பள்ளம் மாறும் என்பதால் அவரவர் வசதிக்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஆபீசில் எல்லோருக்கும் அது லம்பார். இந்த லம்பார்தான் ரெக்ஸினுக்கும் துவாலைக்கும் மரமணிக்கும் அடியில் மூச்சுத் திணறிக்கொண்டு கிடக்கிறது.

இதைச் சொல்லி நான் எரிந்து விழும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்க ஒருத்தி இருந்தாள். ஒரே டீமில் வேலை செய்தோம். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், வழக்கம்போலக் கோபம் முந்திக்கொண்டுவிட்டது.

அவள் வீடு அணுபுரம் குடியிருப்பில். அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து அணு நிலைய வேலைக்கு வந்தவர். நான் திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு கிராமம், நெல் போடுகிற குடும்பம். என் அண்ணன் டிப்பர் லாரி வைத்திருக்கிறான். இருக்கிறது என்பதை எங்கள் ஊர் வழக்கில் 'கீது' என்று நான் சொல்லிவிட்டால் போதும், அவள் அன்று முழுக்க எதைக் கேட்டாலும் 'கீது சார், கீது சார்' என்பாள். பதிலுக்கு நான் மேடம் போடுவேன். ஆபீசில் வாங்க போங்கதான். மனசுக்குள் எப்போது அவள் ஆனாள் என்று எனக்கே தெரியாது.

அந்த வருஷம் ஒரு புது மாடலுக்கு லம்பார் செய்துகொண்டிருந்தோம். ஆபீசுக்குள் ஒரு கனமான பொம்மையைச் சீட்டில் உட்கார வைத்து அளவெடுப்போம். ஆளை உட்கார வைத்து, எங்கே அழுத்துகிறது என்று கம்ப்யூட்டரில் சிவப்பும் நீலமுமாகப் பார்ப்போம். இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகம் பார்க்கிற மாதிரி. குடித்தனம் நடத்தினால்தான் சங்கதி தெரியும். அதனால் ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் வேலை எங்கள் இருவர் தலையில் விழுந்தது.

செங்கல்பட்டில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து கடலோரச் சாலையில் கோவளம். போகும்போது நான் ஓட்டுவேன், திரும்பும்போது அவள். ஓட்டாதவர் இடது சீட்டில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து, அவ்வப்போது முதுகு எப்படி என்று கேட்க வேண்டும். ஓட்டுகிறவர் பத்துக்கு மார்க் போட வேண்டும். லம்பாரை அன்றைக்கு எப்படி வைத்திருக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது. எனக்கு அவள் வைத்துவிடுவாள், அவளுக்கு நான். நல்லபடியாக வைப்பதும் உண்டு, வேண்டுமென்றே தப்பாக வைப்பதும் உண்டு. தப்பை முதுகு கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பதுதானே சோதனை.

"வண்டில குந்திகினு போயி, குந்திகினு வர்றதுக்கா சம்பளம் குடுக்கறான்?" என்று அம்மா கேட்டாள். நாள் முழுக்க டிப்பரில் இடுப்பொடிய உட்காரும் அண்ணனுக்கு என் சம்பளம் பொறுக்கவே இல்லை.

விதிகள் எல்லாம் அவள் போட்டவை. ஓட்டும்போது பாட்டுக் கேட்கக் கூடாது. மார்க்கைத் தவிர வேறு பேச்சு கூடாது. மனசு எதிலாவது லயித்துவிட்டால் முதுகு வலிப்பது தெரியாமல் போய்விடும், அப்புறம் மார்க்குக்கு மதிப்பில்லை என்பாள். நானோ பிறவி வாயாடி. சும்மா இரு என்றால் கை கால் எல்லாம் அரிக்கும். முதல் நாள் கொளவாய் ஏரியைத் தாண்டுவதற்குள்ளேயே இரண்டு தடவை வாயைத் திறந்து, அவள் பேனாவால் முழங்கையில் தட்டி அடக்கினாள்.

ஆனால் பேசாமல் ஒருத்தியோடு தினமும் அவ்வளவு தூரம் போனால், பேசித் தெரிந்துகொள்வதைவிட அதிகம் தெரிந்துவிடுகிறது. நான் ஓட்டும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவளும் தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதிப்பாள். அவள் ஓட்டும்போது லாரியை முந்துவதென்றால் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். ரோட்டோரம் ஏதாவது வேடிக்கை வந்தால் பேனாவை மட்டும் அந்தப் பக்கம் நீட்டுவாள். தலைக்கு மேல் வைக்கோல் கட்டோடு ஸ்கூட்டி ஓட்டும் ஒரு பெண்ணை அப்படித்தான் பார்த்தேன். நானும் சிரிக்கக் கூடாது, அவளும் சிரிக்கக் கூடாது, இருவரும் வாயை இறுக்கிக்கொண்டு நேரே பார்த்தபடி போவோம். திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் தரை தாழ்ந்து, காற்றில் உப்பு தெரியும். அப்போது அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவாள். அது விதியில் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

கோவளத்தில் பஸ் நிற்குமிடத்தருகே ஒரு டீக்கடை. அங்கேதான் பேச்சு. சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டித் தீர்ப்பேன். டீ குடித்தபடி அங்கே நிற்கிற கார்களுக்குள் எட்டிப் பார்ப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு. யார் முதுகுக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? குழந்தைத் தலையணை, மடித்த லுங்கி, ஒரு காரில் சுருட்டிய பாய்கூட இருந்தது. ஒருநாள் ஒரு டாக்ஸியில் எங்கள் பழைய சீட்டையே பார்த்துவிட்டோம். லம்பார் லீவரில் ஒரு துணிப்பை தொங்கியது. டாக்ஸிக்காரர் பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். சுருட்டிய துவாலை ஒன்று சரியாக லம்பார் இருக்க வேண்டிய இடத்தில்.

"அண்ணாத்த, அது இன்னாது தெரியுமா?" என்று லீவரைக் காட்டினேன்.

"அதுவா? பை மாட்றதுக்கு வச்சிகீறான். டிபன் பாக்ஸு அதுலதான் மாட்டிகினு போவேன்."

பையை எடுத்து, துவாலையை உருவி, அவரை உட்கார வைத்து லீவரைத் திருப்பிக் காட்டினேன். முதுகை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் நெஞ்சு நிமிர்ந்தது.

"நல்லாத்தான் கீது சார்," என்றார். பிறகு கையிலிருந்த பையைப் பார்த்தார். "அப்ப இத எங்க மாட்றது?"

லீவரைப் பழையபடி திருப்பி, பையை மாட்டி, துவாலையைச் சொருகிக்கொண்டு போய்விட்டார். அவளுக்குப் புரையேறிவிட்டது. நான் கொதித்துக்கொண்டிருக்க, அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்று முழுதும் அந்தத் தோள் மட்டும் தனியாக இருந்தது.

அதே டீக்கடையில்தான் அவள் ஜெர்மனி விஷயத்தையும் சொன்னாள். எங்கள் கம்பெனியின் தலைமை வடிவமைப்பு மையம் அங்கே. மூன்று வருஷ வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கல்லூரி நாளிலிருந்து ஆசையாம். சீட்டை முதலிலிருந்து யோசிப்பது அங்கேதான், நாம் இங்கே அவர்கள் போட்டதைத் திருத்துகிறோம், அவ்வளவுதான் என்றாள். கிடைத்தால் போய்விடுவாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை, கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் வரவில்லை. கோவளத்தில் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. மூன்றையும் சும்மா கடந்து போனேன்.

அப்படி இருக்கும்போதுதான் மீட்டிங்கில் என் மானத்தை வாங்கினாள்.

மார்க்கை எல்லாம் தொகுப்பது அவள் வேலை. பெரிய திரையில் போட்டுக் காட்டிக்கொண்டே வந்தவள், என் பெயர் வந்ததும் நிறுத்தி, இவருடைய மார்க்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றாள். ஏன் என்றார் மேனேஜர். லம்பாரை எப்படி வைத்தாலும் இவர் ஒன்பதுதான் போடுகிறார். முழுக்க உள்ளே தள்ளினாலும் ஒன்பது. ஒருநாள் வேண்டுமென்றே விலா எலும்பில் குத்துகிற மாதிரி மேலே ஏற்றி வைத்தேன், அன்றைக்கும் ஒன்பது என்றாள்.

அறையே சிரித்தது. "இன்னா மச்சான், முதுகு செத்துப் போச்சா?" என்றான் ஒருத்தன். முதுகைப் பற்றியே சம்பாதிக்கிறவனிடம் இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? அவளிடம் ஒரு வார்த்தை தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விலாவில் குத்திய அந்த நாளை நினைத்து நினைத்துப் பார்த்தேன். எனக்கு நினைவிருந்ததெல்லாம், மழை பிடித்து, பூஞ்சேரி பக்கத்தில் கண்ணாடி புகைந்துபோக, அவள் எட்டித் தன் துப்பட்டா முனையால் என் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டது மட்டும்தான். ஒன்பது கூடக் குறைச்சல் என்று தோன்றியது.

இனி அவளோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். பேசக் கூடாது என்பதே விதியாக இருக்கும் காரில், பேசாமல் இருந்து கோபத்தைக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினேன். அவளோ விதியை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேனே என்று நிம்மதியாக இருந்த மாதிரி இருந்தது. டீக்கடையிலும் பேசாமல் இருந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். உப்பங்கழி ஓரத்தில், படகுகள் கவிழ்த்துப் போட்டிருந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டினாள்.

"கோவமா?"

"வண்டில பேசக் கூடாதுன்னு ரூல் கீது."

சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி சொன்னாள். "என் மார்க்கையும் தூக்கிட்டேன். மீட்டிங்ல சொல்லல, நேத்துதான் மேனேஜர்கிட்ட தனியா சொன்னேன்."

"ஏன்? உங்க முதுகுக்கு என்ன?"

"உங்க முதுகுக்கு என்னவோ அதேதான். போன வாரம் நீங்க லம்பார மொத்தமா எடுத்துட்டுதானே என்னை ஓட்டச் சொன்னீங்க? நான் எவ்ளோ போட்டேன், நீங்கதானே எழுதினீங்க?"

நான்தான் எழுதினேன். ஒன்பது போட்டிருந்தாள். பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, என் மரமண்டையில் வேறு எதுவும் ஏறவில்லை.

பக்கத்தில் நான் இருந்தால் அவளுக்கும் வலி தெரியவில்லை. அதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்து, ஒழுங்காக ரோட்டில் ஏறினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. திருக்கழுக்குன்றம் வரைக்கும் திரும்பவே இல்லை, கழுத்துதான் வலித்தது.

அவளுடைய நேர்மைக்குக் கிடைத்த பரிசு, மறுநாளிலிருந்து எங்கள் இருவரையும் காரிலிருந்து இறக்கிவிட்டார்கள். மார்க்குக்கு மதிப்பில்லாதவர்கள் எதற்கு ஓட்ட வேண்டும்? எங்களுக்குப் பதிலாக வாட்டசாட்டமான ஒருவரையும், அக்கவுண்ட்ஸில் இருந்த ஒரு அம்மாவையும் அனுப்பினார்கள். அவர்கள் போகும்போதே சண்டை போட்டுக்கொண்டு போவார்கள், வரும்போது மார்க் அருமையாக வரும், மூன்று, நான்கு, ஐந்து என்று லம்பாருக்குத் தக்கபடி மாறும். நாங்கள் ஆபீசில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து அந்த மார்க்கைத் தொகுத்தோம். சுற்றிலும் ஆட்கள். வாங்க போங்க. உப்பங்கழியில் சொன்னதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கார் இல்லாமல் எங்களுக்குத் தனியாக இருக்க இடமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ஜெர்மனி வேலை அவளுக்கே கிடைத்தது. எல்லோரும் கை குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன்.

மூன்று வருஷம் என்றது நீண்டுவிட்டது. அங்கேயே இருக்கிறாள், அங்கே ஒரு டீமுக்குப் பொறுப்பு. மாதம் ஒருமுறை வேலை விஷயமாகக் கம்ப்யூட்டர் திரையில் பார்க்கிறேன். சின்னச் சின்னக் கட்டங்களில் பத்துப் பேர் முகம் தெரியும், அதில் ஒரு கட்டம் அவள். பின்னால் வெள்ளைச் சுவர். நான் பேசும்போது அவள் எதையோ குறித்துக்கொள்வது தெரியும். மீட்டிங் முடிந்ததும் ஒவ்வொரு கட்டமாக மறையும். அவள் கட்டம் மறையும் வரை நான் என் கட்டத்தை மூடுவதில்லை. அந்த மாடல் நன்றாக விற்கிறது, செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலிலேயே நாலைந்து நிற்கும். நானும் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம் வரை ஓட்டிப் போய் வருவேன். என் வண்டியில் சீட் கவர் கிடையாது, துவாலை கிடையாது. இடது சீட்டில் யாரையும் உட்கார வைக்கப் பிடிக்கவில்லை. அம்மா ஏறினால்கூட, "பின்னால சௌரியமா குந்துமா," என்கிறேன். எனக்கு அவள் வேண்டும். வேறு என்ன மாதிரி சொல்வதென்று தெரியவில்லை, அவள் வேண்டும்.

அவள் கிளம்புவதற்கு முன்னால், கடைசியாக ஒருமுறை சேர்ந்து போனோம். ஜெர்மனிக்கு அவள் பதில் சொல்ல வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. வாட்டசாட்டக்காரருக்குக் காய்ச்சல், அக்கவுண்ட்ஸ் அம்மாவுக்கு வீட்டில் விசேஷம். லம்பார் வடிவம் முடிவாகிவிட்டது, லீவரிலிருந்து தட்டுக்குப் போகும் கேபிள் எங்காவது சத்தம் போடுகிறதா என்று மட்டும் கேட்டு வர வேண்டும். மார்க் தேவையில்லை. யாராவது போய் வாருங்கள் என்றார் மேனேஜர். நாங்கள்தான் யாராவது.

"இன்னிக்குப் பேசலாம்," என்றாள் காரில் ஏறியதும். "மார்க் கிடையாது."

வாயாடி என்று பெயர் வாங்கியவன் நான். திருக்கழுக்குன்றம் வரை சீட் கவரைத் திட்டினேன். அதற்கப்புறம் அண்ணனின் டிப்பரைப் பற்றிச் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். மாமல்லபுரம் தாண்டிக் கடலோரச் சாலையில் ஏறியதும் எனக்குப் பேச்சு தீர்ந்துபோயிற்று. கேபிள் எந்தச் சத்தமும் போடவில்லை.

"திங்கக்கிழமை பதில் சொல்லணும்," என்றாள்.

"தெரியும்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் இன்னா சொல்றது? நல்ல வேலை. நீங்க ஆசப்பட்ட வேலை."

"அது எனக்கும் தெரியும்."

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. அடுத்த நிமிஷமே கல்லூரி நாளிலிருந்து அவள் வளர்த்த ஆசை முன்னால் வந்து நின்றது. இரண்டுக்கும் நடுவில் தேவையே இல்லாமல் கியரை மாற்றினேன். இடது பக்கம் சவுக்குத் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். அப்புறம் பழைய வழக்கத்தில் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"முதுகு எப்படி இருக்கு?"

"வலிக்குது," என்றேன்.

அத்தனை நாளில் அவளிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. சட்டென்று திரும்பினாள். காலடியில் வைத்திருந்த பையைத் திறந்து அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அது தேவையே இல்லை.

"எங்க வலிக்குது?"

வலி என்றால் இடம் சொல்ல வேண்டும். இடம் இல்லாத வலியைக் குறிக்க அந்த அட்டையில் கட்டம் கிடையாது.

"கழுத்தா?"

"இல்ல."

"நடு முதுகா? இடுப்பா?"

"இல்ல."

"அப்ப எங்க?" குரல் இறங்கிவிட்டது. "சொல்லுங்க. எங்கன்னு சொன்னாத்தான் எழுத முடியும்."

ஒரு பஸ் பின்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. ஒதுங்கி வழி விட்டேன். அவள் பேனாவை அட்டையில் வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோவளம் திருப்பம் வந்தது. படகுகள் தெரிந்தன. டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மூடினாள். திங்கட்கிழமை காலையில், வருகிறேன் என்று ஜெர்மனிக்குப் பதில் எழுதினாள்.